ஊசித் துளை சொன்ன சாட்சி

பெர்லின் நகரத்தில் ஒரு வங்கிக் கவுன்டர். கெட்டித் தொப்பி வைத்த ஒரு மனிதர் 140 மார்க்கை நீட்டிச் சில்லறை கேட்கிறார். "அது திருட்டுப் பணம், என்னுடையது!" என்று ஒரு பையன் ஓடி வந்து கத்துகிறான். முதல் நாள்தான் வெளியூரிலிருந்து ரயிலில் வந்தவன். காசாளருக்குத் தர்மசங்கடம். நாகரிகமாக உடுத்திய பெரிய மனிதரை நம்புவதா, முன்பின் தெரியாத இந்தச் சிறுவனை நம்புவதா? நூறு மார்க் நோட்டு ஒன்று, இருபது மார்க் நோட்டு இரண்டு என்று பையனால் சொல்ல முடியும். ஆனால் அதே நோட்டுகள் யார் பையிலும் இருக்கலாமே! அப்போதுதான் அவனுக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. பணம் தொலைந்துவிடக் கூடாதே என்று ரயிலில் அதைக் கோட்டின் உள்துணியோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தான். அப்படியென்றால் மூன்று நோட்டிலும் ஊசித் துளை இருக்க வேண்டும். காசாளர் நோட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார். துளை இருக்கிறது.

எரிக் கேஸ்ட்னர் 1929-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவலின் உச்சக்கட்டம் இது. எமிலின் அம்மா ஊரில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து பிழைப்பவர். பாட்டிக்கு 120 மார்க், மகன் செலவுக்கு 20 மார்க் என்று அவர் கொடுத்தனுப்பியது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. அது பறிபோன பிறகும் எமில் போலீசிடம் போகவில்லை. ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் வரைந்துவிட்டு வந்தவன் அவன். தன்னையே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயம். அதனால் பெர்லின் தெருப் பிள்ளைகள் துணைக்கு வருகிறார்கள். கார் ஹாரனைக் கையில் வைத்துக்கொண்டு திரியும் குஸ்டாவ், 'பேராசிரியர்' என்ற பட்டப்பெயர் கொண்ட பையன், இன்னும் பலர். எல்லோருக்கும் திருடனைத் துரத்தத்தான் ஆசை. குட்டி டீன்ஸ்டாக் மட்டும் வீட்டு டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வரும் தகவலைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை எதையும் பார்க்கக் கிடைக்காத வேலை அது. கடைசி வரை அந்த இடத்தைவிட்டு அவன் நகரவில்லை.

ஒரு பெரும் பிள்ளைக் கூட்டம் சூழ்ந்துகொண்டதால் திருடன் சிக்கினான். ஆனால் அவன்தான் திருடன் என்று நிரூபித்தது ஊசித் துளை. இந்த இரண்டும் வேறுவேறு வேலை என்பதை இத்தனை தெளிவாகக் குழந்தைகளுக்குச் சொன்ன புத்தகம் அதற்கு முன்பு அரிது. கூட்டம் சேர்ந்தால் யாரையும் மடக்கலாம், அப்பாவியையும்கூட. நிரூபிக்க வேண்டுமென்றால், தன் பக்கம் சாயாத மூன்றாம் மனிதரும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி ஒன்று கையில் இருந்தாக வேண்டும்.

துப்பறியும் கதைகளில் சிறுவர்களுக்கு இருக்கும் சிறப்பே இந்த இக்கட்டுதான். பெரியவர்களின் துப்பறிவாளருக்குப் பதவி உண்டு, அடையாள அட்டை உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு எதுவும் கிடையாது. "சும்மா இரு, உனக்கு ஒன்றும் தெரியாது" என்ற பதிலே முதலில் வரும். ஆகவே அந்தப் பிள்ளை பேசும்போது அதன் பேச்சில் ஓட்டை இருக்கக் கூடாது. எதைப் பார்த்தோம், எதை ஊகித்தோம் என்று தனக்குள்ளேயே பிரித்துக்கொள்ளாத குழந்தையை எந்த இன்ஸ்பெக்டரும் உட்காரவைத்துக் கேட்கப் போவதில்லை.

சிறுவர் துப்பறியும் நூல்கள் எல்லாமே இதைச் செய்கின்றன என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1927-ல் ஹார்டி சகோதரர்களும் 1930-ல் நான்சி ட்ரூவும் புறப்பட்டார்கள். இங்கிலாந்தில் 1942-ல் எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' வந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகளை வாசிப்புக்குள் இழுத்துவந்த வரிசைகள் இவை. அந்த நன்றி என்றும் உண்டு. ஆனாலும் இவற்றில் பல இடங்களில் மர்மம் அவிழ்வது ரகசியச் சுரங்கத்தில் தடுக்கி விழுவதால், அல்லது வில்லன்கள் பேசிக்கொள்வது புதருக்குப் பின்னால் இருப்பவர் காதில் விழுவதால். அங்கே பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது துணிச்சலும் ஒரு டார்ச் லைட்டும்தான். யோசனை தேவைப்படுவதில்லை. சாகசக் கதையாக அது இனிக்கும். துப்பறியும் கதை என்று அதை அழைப்பதற்குக் கொஞ்சம் தயங்க வேண்டும்.

யோசனைக்கே முழு இடம் கொடுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் டொனால்ட் சோபல். 1963-ல் அவர் உருவாக்கிய லிராய் பிரவுனுக்கு 'என்சைக்ளோபீடியா' என்று பட்டப்பெயர். ஃபுளோரிடாவில் 'ஐடாவில்' என்ற கற்பனை ஊர். அப்பா அந்த ஊர்க் காவல்துறைத் தலைவர். வீட்டு கார் ஷெட்டில் போர்டு மாட்டி, நாளுக்கு 25 சென்ட் கட்டணத்தில் துப்பறிகிறான் பையன். சில பக்கங்களில் ஒரு வழக்கு முடிந்துவிடும். எப்படிக் கண்டுபிடித்தான் என்ற விடை மட்டும் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் வாசகர் தாமே முயன்று பார்க்க வேண்டும்.

அதில் ஒரு வாள் வழக்கு. ஊர் ரவுடிப் பையன் பக்ஸ் மீனி ஒரு பழைய வாளைக் காட்டி, அதற்கு ஈடாக இன்னொரு பையனின் சைக்கிளைக் கேட்கிறான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதித் தளபதியாக இருந்த ஸ்டோன்வால் ஜாக்சனின் வாளாம். முதலாம் புல்ரன் போரில் அவர் உறுதியாக நின்றதைப் பாராட்டி அவருடைய வீரர்களே 1861 ஆகஸ்ட் 21-ல் பரிசளித்ததாக அதன் மேல் பொறித்திருக்கிறது. என்சைக்ளோபீடியா அதை ஒருமுறை படித்துவிட்டு, போலி என்கிறான்.

எப்படி? புல்ரன் ஓடைக்கரையில் முதல் போர் நடந்தது 1861 ஜூலையில். அதே இடத்தில் இரண்டாவது போர் நடந்தது 1862 ஆகஸ்டில். இரண்டாவது போர் வரும் என்று முன்கூட்டி அறியாத யாரும் 1861-ல் 'முதலாம்' என்று பொறிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. வடபகுதிப் படைகள் போர்களுக்கு அருகிலிருந்த ஓடை, ஆற்றின் பெயரை வைத்தன. தென்பகுதியினர் பக்கத்து ஊரின் பெயரை வைத்தனர். ஜாக்சனின் வீரர்கள் அதை 'மனாசஸ்' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பையன் பூதக்கண்ணாடி எதையும் எடுக்கவில்லை. எழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த எழுத்துதான். இதை எழுதியவருக்கு அந்தத் தேதியில் என்ன தெரிந்திருக்கும் என்று அவன் கேட்டான், அவ்வளவே. பழைய செப்பேடு, பழைய கடிதம் என்று கையில் வரும் எதையும் வரலாற்று ஆய்வாளர்கள் சோதிக்கும் முறையும் இதுதான். பழைய புகைப்படத்துக்குக் கீழே புதுக் கதை ஒட்டி அனுப்பப்படும் இந்தக் காலத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த ஒரு கேள்வி பழக்கமாகப் படிந்துவிட்டால் போதும், பாதி ஏமாற்று வாசலோடு திரும்பிவிடும்.

துப்புக் கதையில் தமிழுக்குப் பழைய உரிமை உண்டு. அலகேசன் கதையில் வரும் காணாமல் போன ஒட்டகத்தைப் பற்றிப் பல வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பார்கள். ஒட்டகத்தைத் தேடிவரும் வியாபாரியிடம் வழியில் போன நான்கு பேர் கேள்வி கேட்கிறார்கள். ஒரு கால் நொண்டியா? வலக்கண் குருடா? வால் குட்டையா? வயிற்று வலி உண்டா? எல்லாம் சரி. "அப்படியானால் நீங்கள்தான் திருடியிருக்க வேண்டும்" என்று வியாபாரி அரசனிடம் இழுத்துப் போகிறான். நால்வரும் ஒட்டகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தடத்தில் ஒரு கால் சரியாகப் பதியவில்லை, நொண்டி. வழியின் இடப்பக்கத்து இலைகளை மட்டும் மேய்ந்திருந்தது, வலக்கண் குருடு. தடத்தோடு ரத்தத் துளிகள் சிந்தியிருந்தன. கடித்த கொசுக்களை விரட்ட வால் எட்டவில்லை, குட்டை வால். முன்னங்கால் தடம் அழுத்தமாகவும் பின்னங்கால் தடம் லேசாகவும் இருந்தன. வயிற்று வலியில் பின்பகுதியை ஒடுக்கிக்கொண்டு நடந்திருக்கிறது.

இந்தக் கதைக்கு நாடு கடந்த உறவுகள் ஏராளம். அமீர் குஸ்ரோ பாரசீக மொழியில் 1302-ல் எழுதிய காவியத்தில் இதே ஒட்டகம் வருகிறது. 1557-ல் வெனிஸ் நகரில் அச்சான ஒரு நூலில், செரெண்டிப் அரசனின் மூன்று மகன்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். செரெண்டிப் என்பது இலங்கைதான். 1748-ல் வோல்த்தேர் தன் 'ஸாடிக்' கதையில் ஒட்டகத்துக்குப் பதிலாக அரசியின் நாயையும் அரசனின் குதிரையையும் கொண்டுவந்தார். 1880-ல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, புதைபடிவ ஆய்வாளர்கள் பழங்கால விலங்குகளை அறியும் முறையை ஸாடிக்கின் முறை என்றே விளக்கினார்.

அலகேசன் கதையை ஆங்கிலத்தில் கொண்டுபோனவர் ச. மு. நடேச சாஸ்திரி. அவரே 1894-ல் 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனை வைத்துத் தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் நூலையும் எழுதினார். நாட்டுப்புறக் கதையிலிருந்து நவீனத் துப்பறியும் கதைக்குப் போகும் பாதையில் ஒரே மனிதர் இரண்டு முனையிலும் நிற்பது தமிழில் அமைந்த அபூர்வம். அவரை இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம்.

நான்கு பேரின் ஊகங்களும் ஒரே தரத்தவை என்று கொள்ள முடியாது. மேய்ந்த இலைகளைப் பார்த்து ஒரு கண் குருடு என்று சொன்னது வலுவான ஊகம். வழியின் இரு பக்கமும் இலை இருந்தும் ஒரு பக்கமே தொடப்படவில்லை என்பதற்கு வேறு காரணம் தேடுவது கடினம். வயிற்று வலிக்கு அந்த வலு இல்லை. முன்பக்கமாகச் சுமை ஏற்றியிருந்தாலும் முன்னங்கால் அழுத்தமாகப் பதியும். சரிவான நிலத்தில் இறங்கியிருந்தாலும் அப்படியே. ரத்தத் துளியும் அதே கதிதான். காலில் முள் கிழித்திருக்கக் கூடாதா? கதையில் நால்வரும் ஜெயித்துவிட்டதால் யாரும் இதைக் கேட்பதில்லை. கதை சொல்லும் பெரியவர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று, "வேறு எப்படி இருந்திருக்கலாம்?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைகள் வரிசையாகக் காரணங்களை அடுக்குவார்கள். கவனிப்பு அதுவரை கொண்டுவந்து விடும்; அதற்குப் பிறகு வேலை செய்ய வேண்டியது இந்தக் கேள்விதான்.

வெறும் கண்ணை நம்ப முடியாது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1999-ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு படத்தைக் காட்டி, அதில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் சாவகாசமாகக் கடந்து போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. எதைத் தேடுகிறோமோ அதுதான் கண்ணில் படும். ஒரே ஆளை மட்டும் குற்றவாளியாக மனதில் வைத்துக்கொண்டு தேடும் துப்பறிவாளருக்கும் இதே ஆபத்து உண்டு.

இதற்கு மாற்று மருந்தாக அமைந்த நாவல் சியோபன் டவுட் 2007-ல் எழுதிய 'லண்டன் ஐ மர்மம்'. தேம்ஸ் நதிக்கரையில் சுற்றும் அந்த ராட்சத ராட்டினத்தில் 32 கண்ணாடிக் கூண்டுகள். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். காலை 11.32-க்கு ஸலீம் ஒரு கூண்டில் ஏறுகிறான். கீழே அவன் அம்மாவின் சகோதரி பிள்ளைகளான டெட், காட் இருவரும் காத்திருக்கிறார்கள். 12.02-க்குக் கூண்டு இறங்குகிறது. ஸலீமைக் காணோம்.

தன் மூளை வேறொரு இயக்க முறையில் ஓடுகிறது என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவன் டெட். வானிலை என்றால் அவனுக்கு உயிர். பெரியவர்கள் அழுதும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லியும் கொண்டிருக்கும்போது, என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று அவன் எட்டு ஊகங்களைப் பட்டியலிடுகிறான். ஸலீம் கூண்டிலேயே ஒளிந்திருக்கலாம் என்பது அதில் உண்டு. தானாகத் தீப்பற்றி எரிந்துபோயிருக்கலாம் என்பதும் உண்டு. சிரிப்பு வரும். ஆனால் டெட்டின் நேர்மை அந்த அசட்டு ஊகத்தில்தான் தெரிகிறது. பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் அவன் அடிப்பதில்லை. காரணம் கிடைத்த பிறகே ஒவ்வொன்றாக அடிக்கிறான். ஒன்றை அடிக்கும்போது மிச்சம் இருப்பதன் மதிப்பு கூடுகிறது. ஆய்வுக்கூடத்தில் அறிவியலாளர் செய்வதும் இதையேதான். விடை என்னவென்று இங்கே சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் தாங்களே பட்டியல் போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய புத்தகம் அது.

பிளைட்டனும் ஒரு வரிசையில் இந்த ஒழுங்கைக் கையாண்டார். 1943-ல் வந்த 'எரிந்த குடிசை மர்ம'த்தில் ஃபேட்டி, லாரி, டெய்ஸி, பிப், எட்டு வயது பெட்ஸ் ஆகிய ஐவரும் சந்தேகப் பட்டியல் எழுதி ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள். ஹிக் என்பவரின் வேலைக் குடிசையும் அதிலிருந்த விலையுயர்ந்த பழைய ஆவணங்களும் எரிந்துபோகின்றன. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பணியாள், சண்டை போட்டுவிட்டுப் போன அறிஞர், ஊர் சுற்றும் பிச்சைக்காரர் என்று பலர் மேல் சந்தேகம். தீப்பிடித்தபோது தான் லண்டனிலிருந்து வரும் ரயிலில் இருந்ததாக ஹிக் சொல்லியிருந்தார். பிறகு பேச்சோடு பேச்சாக, ஊர் மேல் பறந்த விமானங்களைப் பார்த்ததாகவும் சொல்லிவிடுகிறார். அந்த விமானங்கள் பறந்தது அந்த மாலையில், அந்த ஊரில். காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தியவர் சொந்தக்காரரேதான்.

பெரிய வீட்டு மனிதர் குற்றவாளியாகவும் கிழிந்த சட்டைப் பிச்சைக்காரர் நிரபராதியாகவும் முடிந்த இந்தக் கதை ஒரு நல்ல பாடம். துயரம் என்னவென்றால், பிளைட்டனின் மற்ற பல கதைகளில் இந்த நியாயம் இல்லை. வெளிநாட்டுக்காரர், நாடோடி, கறுத்த முகத்தினர் என்றாலே சந்தேகம் என்ற போக்கு அங்கே இருக்கிறது. இங்கிலாந்தின் பாரம்பரியச் சின்னங்களைப் பராமரிக்கும் 'இங்லிஷ் ஹெரிடேஜ்' அமைப்பு, தன் இணையதளத்தில் அவரைப் பற்றிய குறிப்பிலேயே இனவெறி விமர்சனங்களைச் சேர்த்திருப்பது 2021-ல் பெரிய செய்தியானது. முகத்தைப் பார்த்துக் குற்றவாளியை முடிவு செய்யப் பழக்கும் கதை, துப்பறியும் மூளைக்கே எதிரானது. அந்த நூல்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதைவிட, "இவர் மேல் ஏன் சந்தேகம் வந்தது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது பயன் தரும்.

2014-ல் ராபின் ஸ்டீவன்ஸ் தொடங்கிய வரிசை இந்தக் குறைக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. 1934-ல் ஓர் ஆங்கிலேயப் பெண்கள் விடுதிப் பள்ளி. துப்பறியும் சங்கத்தின் தலைவி டெய்ஸி வெல்ஸ், அந்த நாட்டுப் பணக்காரப் பெண். செயலாளர் ஹேசல் வாங், ஹாங்காங்கிலிருந்து வந்தவள். அறிவியல் ஆசிரியை உடற்பயிற்சிக் கூடத்தில் இறந்து கிடப்பதைப் பார்ப்பவள் ஹேசல். ஆள் கூட்டி வருவதற்குள் உடலைக் காணோம். டெய்ஸி ஒரே பாய்ச்சலில் முடிவுக்குப் போய்விடுவாள். ஹேசல் நோட்டில் எழுதுவாள்: யார், என்ன காரணம், அந்த நேரத்தில் எங்கே இருந்தார், யார் சாட்சி. புதுத் தகவல் வந்ததும் பெயர்கள் அடிபடும். வெளியூர்க்காரியாகத் தன்னையே பிறர் எப்போதும் ஏற இறங்கப் பார்ப்பதால், பிறரைப் பார்க்கும்போது அவளுக்கு நிதானம் வந்திருக்கிறது.

கூடவே இருந்து எழுதுபவர் என்ற இந்த இடத்தை நம் நாட்டில் அழகாக நிரப்பியவன் தோப்ஷே. சத்யஜித் ராய் 1965-ல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் துப்பறிவாளர் ஃபெலுடாவின் கதைகளைத் தொடங்கியபோது, கதை சொல்லும் பொறுப்பை அவருடைய பதின்மூன்று வயது ஒன்றுவிட்ட தம்பி தோப்ஷேயிடம் கொடுத்தார். அண்ணன் பார்த்த எல்லாவற்றையும் தம்பியும் பார்க்கிறான். நமக்கும் சொல்கிறான். ஆனால் முடிச்சு அவிழ்வது அண்ணனுக்கு மட்டுமே. 'சோனார் கெல்லா'வில் ரயிலில் அறிமுகமாகும் திகில் கதை எழுத்தாளர் ஜடாயு, ஒட்டகம் வயிற்றில் தண்ணீர் சேர்த்து வைப்பதாகத் தன் நாவலில் எழுதியிருக்கிறார். ஃபெலுடா சட்டென்று திருத்துகிறார்: திமிலில் இருப்பது கொழுப்பு. குழந்தைகளுக்கு எழுதுபவர் தகவலில் பிசகக் கூடாது என்று ராய் கதைக்குள்ளேயே வைத்த கண்டிப்பு அது. வீ.பா. கணேசனின் மொழிபெயர்ப்பில் ஃபெலுடா தமிழிலும் கிடைக்கிறார்.

எமில் வெளிவந்த அதே 1929-ல், இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிவாளருக்குக் கிடைத்த தடயம் வாசகருக்கும் அப்போதே காட்டப்பட வேண்டும் என்பது அதில் ஒன்று. பெரியவர்களின் கதைக்காகச் சொன்னது என்றாலும், சிறுவர் கதைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கடைசிப் பக்கத்தில் புதுத் தடயத்தை எடுத்து நீட்டும் எழுத்தாளர், யோசித்துக்கொண்டே வந்த குழந்தையிடம் "உன் யோசனை வீண்" என்று சொல்கிறார். இரண்டு மூன்று முறை அப்படி ஏமாந்த பிள்ளை யோசிப்பதையே விட்டுவிடும்.

தமிழில் இன்று சிறுவர்களுக்கு எழுதுபவர்களிடம் கேட்க வேண்டியதும் இந்த நேர்மையைத்தான். பங்களாவும் சுரங்கமும் வேண்டாம். மீட்டர் கணக்கெடுத்த தேதி எழுதிய மின் அட்டை, பேருந்துப் பயணச்சீட்டில் அச்சான நேரம், பொருள் வாங்காமலேயே ரேஷன் கடையிலிருந்து வந்த குறுஞ்செய்தி, தேர் வரும் தெருவில் அன்று மட்டும் நிறுத்தப்பட்ட மின்சாரம் என்று நம் ஊரில் தடயங்களுக்கா பஞ்சம்?

ஒரு காட்சி போதும். காலை ஆறரை மணி. வாசலில் புதுக் கோலம், மாவு இன்னும் ஈரம். கேட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டவர் பாலை எடுக்காமலா உள்ளே போவார்? பால்காரர் இன்று தாமதமாக வந்தாரா? கோலம் போட்டது பக்கத்து வீட்டு வேலைக்கார அம்மாவா? வீட்டுக்காரர் ஊரில் இல்லாமல், பாலை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டாரா? அல்லது, வீட்டில் ஆள் இருப்பதாகத் தெரு நம்ப வேண்டும் என்று நினைத்த யாரோ போட்டதா? முதல் மூன்றையும் ஒரு பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்குக் கிளம்புவதற்குள் நாலு வீட்டில் கேட்டே தீர்த்துவிடும். நான்காவதை எழுத இன்னும் ஆள் வர வேண்டும்.